ஆறு குழி அட்டை

முட்டை அட்டையை வெட்டி
ஆறு குழி மட்டும் மிச்சம் வைத்தேன்.
பொடி உருளைக்கிழங்காகப் பொறுக்கி
மண் போகக் கழுவினேன்.
இடப்பக்கம், மேல் குழியில் ஒரு கிழங்கு:
ஆயலென் என்ற பெயரின் முதல் எழுத்து.
மற்ற ஐந்தும் காலி.
காலியும் எழுத்தில் சேர்த்திதான்
என்றாள் மார்லேனே,
மாதம் ஒருமுறை சக்காவோ நீரிணை தாண்டி
எங்கள் தீவுக்கு வருகிறவள்.
அலை அதிகமென்றால் அந்த மாதம் பாடம் இல்லை.

ஆயலென் கிழங்கை எடுத்தாள்.
முகர்ந்தாள். கன்னத்தில் உருட்டினாள்.
கடித்தாள்.
முதல் எழுத்து பச்சையாகத் துவர்த்திருக்கும்.
துப்பினாள், என் மடியில்.

ஏழு வயது.
பார்வையும் இல்லை கேள்வியும் இல்லை என்று
புயெர்த்தோ மோந்த் மருத்துவமனையில்
ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்து,
மடித்துத் தந்தார்கள்.
தலையெழுத்து என்றாள் எதிர்வீட்டு ஓடிலியா.
அன்றிரவு அவள் தூங்கும்போது
தடவிப் பார்த்தேன்.
நெற்றியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை,
இடது ஓரத்தில் சின்னம்மை விட்டுப்போன
ஒற்றைப் புள்ளியைத் தவிர.

எனக்கு சால்மன் ஆலையில் வேலை.
மூன்று வருடம் முன்பு கத்தி
ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துக்கொண்டது.
அந்த மொட்டை நுனிதான் அவளுக்கு நான்.
யார் கை நீட்டினாலும் முதலில் அங்கே தேடுவாள்.
நகம் இருந்தால் தள்ளிவிடுவாள்.

அவள் கையைப் பிடித்து இழுக்காதே,
உன் கை கீழே இருக்கட்டும்,
அவளாக மேலே ஏறி வரட்டும்
என்றாள் மார்லேனே.
ஏறி வரப் பதினொரு வாரம் ஆனது.
அதற்குள் என் கை
மேசையின் ஒரு பகுதி ஆகிவிட்டிருந்தது.

ஞாயிறு தால்காவே சந்தைக்குப் போய்வந்தோம்.
இரவு அதை நூலாக்கினேன்.
பேருந்துச் சீட்டு ஒரு பக்கம்.
ஆட்டு வாடை போகாத கம்பளித் துணுக்கு ஒரு பக்கம்.
மூன்றாவதில், நாங்கள் தின்ற சிப்பியின் ஓடு.
கீழே ஒவ்வொரு சொல், பிரெய்லில்.
வலமிருந்து இடமாக, தாளின் முதுகில்
நானே குத்தியது.
இரண்டு சொல் தப்பு.
ஆனாலும் நல்ல நூல் என்று
எனக்கு ஒரு பெருமை.

ஆயலென் படித்தாள்.
சீட்டைத் தடவினாள். கம்பளியை நக்கினாள்.
சிப்பி வந்ததும் நின்றாள்.
பிய்த்து எறிந்தாள்.
எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே
அடுப்பருகே தொங்கிய தன் கோட்டைத் தேடிப் போய்
பையிலிருந்து எதையோ எடுத்துவந்தாள்.

ஒரு பொத்தான்.
மரத்தால் ஆனது, பெரியது,
அறுந்த நூல் இன்னும் அதில்.
எங்களுடையது இல்லை.

பேருந்து நெரிசலில்
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது
யாருடைய வயிற்றில் முகம் புதைத்து நின்றாளோ.
அந்த வயிறு சூடாக இருந்ததோ,
சிரித்துக் குலுங்கியதோ.
நான் அவளை அழைத்துப்போனது சிப்பிக்கு.
அவள் போய்வந்தது வேறொரு ஞாயிறு.

பொத்தானைச் சிப்பி இருந்த இடத்தில் அழுத்தினாள்.
என் மொட்டை விரலைப் பிடித்து
அதன்மேல் வைத்தாள்.
படி.

தடவினேன். நான்கு துளை. நூல்.
மறுபடி தடவினேன்.
அவள் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தாள்,
நான் அவளிடம் எத்தனை மாதம் காத்திருந்தேனோ
அதே பொறுமையோடு.
அந்தப் பக்கத்தின் முன்னால் நான் கைநாட்டு.

பொத்தானை ஒட்டிவைத்தேன்.
கீழே என்ன சொல் குத்துவதென்று தெரியவில்லை;
இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.
திங்கள் காலைப் பேருந்தில்
ஒவ்வொரு கோட்டாகப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

பசை இன்னும் ஈரம்தான்.
இந்த மழையில் இங்கே
எதுவும் சீக்கிரம் காய்வதில்லை.